டாலர் வட்டி குறைந்த குளிர்காலம்

திபிலிசி
நவம்பர் 29, 2015

அன்புள்ள அம்மாவுக்கு,

தேக்லா எழுதுகிறேன். நான் சுகம், அப்பா சுகம், அப்பாவைப் பார்த்தாலே குரைக்கும் நம் நாயும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நீங்கள் பார்த்துக்கொள்ளும் ஃபிலொமேனா அம்மாள் இப்போதாவது ராத்திரியில் உங்களை எழுப்பாமல் தூங்குகிறாரா? நீங்கள் வேலை செய்யும் பாரி நகரத்தில் கடல் காற்று எலும்பைக் குடைகிறது என்று போன வாரம் சொன்னீர்கள். இந்தப் பையில் அப்பாவின் கம்பளி உள்சட்டை ஒன்று வைத்திருக்கிறேன். ஆண்பிள்ளைச் சட்டை என்று பார்க்காதீர்கள், உள்ளேதானே போட்டுக்கொள்ளப் போகிறீர்கள்.

போன தடவை திதூபே பஸ் நிலையத்தில் பையை வாங்கிக்கொண்டபோது, பாரி வரை வேன் ஓட்டும் கோச்சா அண்ணன், "ஞாயித்துக்கிழமையானா போன்ல மூஞ்சியப் பாத்துப் பேசிக்கிறீங்க. அப்புறம் எதுக்கும்மா காயிதம்? என் வண்டியில ஊறுகாய் ஜாடிக்கே இடமில்ல" என்று கேலி செய்தார். நான் சிரித்துவிட்டுப் பையை அவர் கையில் கொடுத்தேன். அவரிடம் என்ன சொல்வது? ஃபோனில் உங்கள் நெற்றி மட்டும்தான் தெரிகிறது. ஒரு கையால் அந்த அம்மாளுக்குச் சூப் ஊட்டிக்கொண்டே பேசுகிறீர்கள். நான் சொல்ல வந்ததை மனதுக்குள் கோத்து எடுப்பதற்குள் உள்ளேயிருந்து அவர் கூப்பிடுகிறார். "சரிம்மா, அப்புறம்" என்று வைத்துவிடுகிறீர்கள். எனக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும் என்று உங்களுக்குத் தெரியும். எழுதினால் யாரும் குறுக்கே கூப்பிட மாட்டார்கள்.

வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். "பேங்குல என்னம்மா பண்றே, நோட்டு எண்ணுறியா?" என்று. நான் நோட்டைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. மூன்றாவது மாடியில் ஆய்வுப் பிரிவு என்று ஓர் அறை. டாலரிலும் யூரோவிலும் கடன் கொடுப்பதற்கு நம் நாட்டு வங்கிகள் அந்த மாதம் என்ன வட்டி வாங்கின என்று சேர்த்து, ஒரு கோடு வரைந்து, அதன் கீழே ஒரு பத்தி எழுத வேண்டும். அதுதான் என் வேலை. அந்தக் கோடு இரண்டு வருடமாக இறங்கிக்கொண்டே வருகிறது. என் படிப்புக்காக நாம் டாலரில் கடன் வாங்கியபோது வட்டி பதிமூன்று சதவீதம். இப்போது பத்துக்கும் கீழே கொடுக்கிறார்கள். ஆபீசில் எல்லோருக்கும் அந்தக் கோட்டைப் பார்த்தால் சந்தோஷம்.

போன மாதம் பத்தியில் இரண்டு வாக்கியங்கள் எழுதினேன். முதலாவது, வெளிநாட்டு நாணயக் கடன்களின் வட்டி விகிதம் தொடர்ந்து குறைந்து வருகிறது என்பது. இரண்டாவது, நம் நாட்டு நாணயமான லாரியின் மதிப்பு இறங்கிவிட்டதால், லாரியில் சம்பாதித்து டாலரில் கட்டுகிறவர்களின் சுமை கூடித்தான் இருக்கிறது என்பது. எங்கள் பிரிவுத் தலைவர் மேராப் சார் இரண்டாவதை அடித்துவிட்டார். கோபமாக அல்ல. "எழுதினது சரிதாம்மா. ஆனா நம்ம அட்டவணை வட்டி. லாரி விலை நாலாவது மாடியோட அட்டவணை. அவங்க தட்டுல நாம கை வைக்கக் கூடாது" என்றார். நான்காவது மாடிக்காரர்கள் லாரி இறங்குவதை எழுதுகிறார்கள். அவர்கள் கடனைப் பற்றி எழுதுவதில்லை. நடுவே ஒரு படிக்கட்டு இருக்கிறது. அங்கே சிகரெட் பிடிக்கிறவர்கள் மட்டும் நிற்பார்கள்.

மதியம் மற்றவர்கள் கூட்டமாக எதிர்க் கடைக்குப் போகிறார்கள். முதல் மாதம் என்னையும் கூப்பிட்டார்கள். நான் இரண்டு தடவை "பிறகு வருகிறேன்" என்றேன், அதன் பிறகு கூப்பிடவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. நான் கொண்டுபோகும் சோள ரொட்டியையும் சீஸையும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுகிறேன். கீழே நாணய மாற்றுக் கடையின் பலகை தெரியும். காலையில் போகிறவர்கள் எல்லோரும் தலையைத் திருப்பி அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் நடக்கிறார்கள், மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதுபோல. என் அறையின் வாடகையும் டாலரில்தான். வீட்டுக்காரி லாரியைக் கையால் வாங்கவே மாட்டேன் என்கிறாள். "அத வச்சு நான் என்ன பண்ண, சுவத்துல ஒட்டவா?" என்கிறாள். அவளோடு நான் மாதத்தில் பேசுகிற பேச்சே அவ்வளவுதான்.

புனித ஜார்ஜ் திருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அதைத்தான் முக்கியமாக எழுத வேண்டும்.

அன்றைக்கு முந்தின வாரம் டிவியில் வியாபாரச் செய்தி வாசித்த பெண் என் முதல் வாக்கியத்தை ஓர் எழுத்து மாறாமல் வாசித்திருக்கிறாள். எங்கள் வங்கியின் அறிக்கை என்றும் சொல்லியிருக்கிறாள். அப்பா அதைக் கேட்டுவிட்டார். நான் போய் இறங்கும்போதே பக்கத்து வீட்டு ஜுஜூனா அக்கா வேலிக்கு மேலிருந்து, "ஏண்டி, உன்னய டிவியில படிக்கிறாங்களாமே! உங்கப்பன் தெருத்தெருவா சொல்லிட்டுத் திரியறாரு. நாங்கதான் தூங்க முடியல" என்று கத்தினார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம்போல இருந்தது.

விருந்தில் அப்பாதான் வாழ்த்துச் சொல்கிறவர். மூன்றாவது ஒயின் கிண்ணத்தில் எழுந்து நின்று, நம் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்று என்னைச் சொன்னார். பிறகு, "எம் பொண்ணே எழுதியிருக்கா, டாலர் வட்டி இறங்கிடுச்சுன்னு. பழைய கடன் ஜூன்ல முடியுது. புதுசா ஒண்ணு வாங்கறோம், மேல்மாடியக் கட்டி முடிக்கறோம், எம் பொஞ்சாதி லமாரா வந்து அவ அறையில தூங்கப் போறா!" என்றார். எல்லோரும் கிண்ணத்தை உயர்த்தினார்கள். "அலவெர்தி, தேக்லாவுக்கு!" என்று வாழ்த்தை என் பக்கம் திருப்பிவிட்டார்.

நம் மேசை வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் வாழ்த்திவிட்டால் அதை மறுத்துப் பேச முடியாது. அலவெர்தி யாருக்கு வருகிறதோ அவர் அதன்மேல் ஒன்றைச் சேர்க்கலாம், அவ்வளவுதான். மறுத்தால் விருந்தையே அவமதித்ததாகிவிடும். நான் எழுந்தேன். அடித்துவிட்ட அந்த இரண்டாவது வாக்கியம் தொண்டை வரை வந்தது. இருபது பேர் என்னையே பார்த்தார்கள். "அம்மாவுக்கு உடம்பு சுகமா இருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் குடித்தார்கள். நான் சம்மதித்துவிட்டேன் என்று அப்பா எடுத்துக்கொண்டார்.

புதுக் கடன் பேச்சை அப்பா ஃபோனில் எடுத்தால், யோசிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி வையுங்கள். விவரமாகப் பிறகு எழுதுகிறேன். உள்சட்டையை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் குளிர் கொஞ்சம் தயவு காட்டட்டும்.

உங்கள் மகள்,
தேக்லா


திபிலிசி
ஜனவரி 17, 2016

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் அனுப்பிய ஆரஞ்சுப் பழங்களும் எனக்கு வாங்கிய பூட்ஸும் வந்து சேர்ந்தன. பூட்ஸ் ஒரு அளவு பெரியது. உள்ளே செய்தித்தாளை மடித்து வைத்துப் போட்டுக்கொள்கிறேன், சரியாக இருக்கிறது. இதற்காக வருத்தப்படாதீர்கள். என் கால் அளவு நீங்கள் போன பிறகு மாறவில்லை. உங்கள் மனதில் நான் பெரியவளாகத் தெரிகிறேன் போலிருக்கிறது.

பதினான்காம் தேதி, பழைய நாட்காட்டிப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போக முடியவில்லை. டிசம்பர் அறிக்கை முடிக்க வேண்டியிருந்தது. கோடு இன்னும் இறங்கியிருக்கிறது. அறையில் முட்டை வேகவைத்துச் சாப்பிட்டேன். பக்கத்து அறைக்காரர்கள் வெளியே வெடி வெடித்தார்கள், கொஞ்ச நேரம் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

அப்பா வங்கிக்குப் போய்விட்டார் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் கேட்டபோது, "உனக்கு எதுக்கு கண்ணு தொந்தரவு, நீதான் ஏற்கெனவே எழுதிட்டியே" என்றார். அது தெர்ஜோலாவில் இருக்கும் வேறொரு சின்ன வங்கி. கடன் பிரிவுப் பெண் ஒருத்தி வந்து வீட்டைப் படம் எடுத்துப் போயிருக்கிறாள். ஏழு வருடத் தவணை. டாலரில் ஒன்பதரை சதவீதம். லாரியில் கேட்டால் பதினெட்டு என்றாளாம். "பதினெட்டு எங்கே, ஒன்பது எங்கே, பைத்தியக்காரன்கூட கேப்பானா?" என்று அப்பா கேட்கிறார். அந்த இடத்தில் அவர் சொல்வது தப்பில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

வீடு உங்கள் பேரில் இருப்பதால் நீங்கள் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் அடமானம் வைக்க முடியும். அப்பா அதை இங்கேயே எழுதி வாங்கி, உங்கள் கையெழுத்துக்காகப் பிப்ரவரியில் கோச்சா அண்ணன் வேனில் அனுப்பப் போவதாகச் சொல்கிறார். ஃபோனில் நான் இதைப் பற்றி ஆரம்பித்தபோது நீங்கள், "அவரு ஆசைப்படறாரும்மா. நீயும் அதத்தானே எழுதியிருக்கே, படிச்சவ, தப்பாவா எழுதுவே" என்றீர்கள். பிறகு அந்த அம்மாளைக் குளிப்பாட்ட வேண்டும் என்று வைத்துவிட்டீர்கள்.

அம்மா, நான் எழுதியது பொய் இல்லை. ஆனால் அது பாதி. மறுபாதியை உங்களுக்கு மட்டுமாவது சொல்லிவிடுகிறேன். நாம் கடன் வாங்கிய வருடம் நூறு டாலர் கட்ட நூற்றறுபத்தைந்து லாரி போதும். இப்போது இருநூற்று நாற்பதுக்கு மேல் வேண்டும். நாம் யூரோவில் கட்டுகிறோம், நமக்கென்ன என்று அப்பா சொல்வார். அன்றைக்கு நீங்கள் அனுப்பிய அதே யூரோவுக்கு இப்போது டாலரும் குறைவாகத்தான் கிடைக்கிறது. "ரெண்டு வருஷம்னு சொல்லிட்டு வந்தேன், மூணாகுது, எங்கேயோ நான்தான் கைநீட்டிச் செலவு பண்ணிட்டேன் போல" என்று ஒருநாள் அழுதீர்களே. நீங்கள் எதையும் செலவு செய்யவில்லை. உங்களுக்குச் சம்பளம் ஒரு காசில், கடன் ஒரு காசில், வீட்டில் அடுப்பு எரிவது இன்னொரு காசில். அந்த மூன்றும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போனதில் உங்கள் ஒரு வருடம் போய்விட்டது.

பத்திரம் வந்தால் உடனே நோட்டரியிடம் போய்விடாதீர்கள். நான் அப்பாவிடம் பேசுகிறேன். எப்படி என்று தெரியவில்லை, ஆனால் பேசுகிறேன்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். உங்களுக்கு நீங்களேதான் கொடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

உங்கள்
தேக்லா


ஊரிலிருந்து
பிப்ரவரி 21, 2016

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை நம் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே பனி பெய்து நின்றிருக்கிறது. அப்பா கொட்டகையில் யாருடைய டிராக்டரையோ பிரித்துப் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறார். அடுப்பில் பீன்ஸ் வேகிறது. நீங்கள் போடுவதுபோலக் கொத்தமல்லி போட்டிருக்கிறேன், வாசனை வருகிறது, ஆனால் நீங்கள் வைப்பதுபோல வரவில்லை.

முதலில் ஆபீஸ் விஷயம். ஜனவரி அறிக்கையிலும் இரண்டாவது வாக்கியத்தை எழுதினேன். மேராப் சார் மறுபடி அடித்தார். இந்த முறை நான் எழுந்து அவர் மேசைக்கே போனேன். அவர் அடித்த காகிதத்தை அவர் முன்னால் வைத்தேன். அவரே தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிறே? என் ஃபிளாட்டே டாலர் கடன்லதான் நிக்குது. மாசாமாசம் சம்பளம் வாங்கின அன்னிக்கே அந்தப் பலகைக்குக் கீழ வரிசையில நிக்கிறவன்தான் நானும்" என்றார். பிறகு, "ஆனா அது நம்ம அட்டவணை இல்லம்மா" என்று காகிதத்தை என் கையில் கொடுத்தார். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. அவரும் மதியம் தனியாகத்தான் சாப்பிடுகிறார் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அந்த வாரமே ஜுஜூனா அக்கா ஃபோன் செய்தார். அவரும் இலையுதிர் காலத்தில் டாலரில் கடன் வாங்கி, வெள்ளரிக்காய் போடப் பிளாஸ்டிக் கூடாரம் கட்டியிருக்கிறார். உங்களுக்குத் தெரிந்திருக்கும். "டிவிக்காரி, உன் கோடு இறங்குது இறங்குதுங்கறே, என் தவணை ஏறுதேடி! நான் வெள்ளரிக்காயக் குத்தாயிஸி சந்தையில டாலருக்கா விக்கிறேன்? இது எந்த ஊர்க் கணக்கு?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கடைசியில் சிரிப்பு நின்றுவிட்டது, ஆனால் அவர் ஃபோனை வைக்கவில்லை.

நேற்று அப்பா கொத்தனார்களை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். வேலை பேசி முடிக்க. அதற்காகத்தான் நான் வெள்ளிக்கிழமையே வேன் பிடித்து வந்தேன். தனியாக இருக்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அப்பா காலையிலிருந்து பன்றிக்கறி வெட்டுவதும் ஒயின் ஜாடியைத் திறப்பதுமாக ஒரு நிமிடம் நிற்கவில்லை. இரண்டு தடவை அவர் பின்னாலேயே ஜாடி வரைக்கும் போனேன். "என்ன கண்ணு, பசிக்குதா?" என்று கேட்டுவிட்டு ஒரு துண்டு ரொட்டியைக் கையில் கொடுத்தார். திரும்பி வந்தேன்.

மேசையில் கொத்தனார் மூன்று பேர், ஜுஜூனா அக்கா, அவர் வீட்டுக்காரர், நான், அப்பா. அப்பா எழுந்து வீட்டுக்கு வாழ்த்துச் சொன்னார். இந்தச் சுவர் எழட்டும், அந்தப் படியில் லமாரா ஏறட்டும், டாலர் வட்டி குறைந்த இந்த நல்ல நேரத்துக்கு நன்றி என்றார். இந்த முறை அலவெர்தியைத் தலைமைக் கொத்தனாருக்குக் கொடுக்கப் போனார். அவர் என் பேரைச் சொல்லவில்லை. நானே கையை நீட்டிவிட்டேன், அம்மா. "எனக்குக் கொடுங்கப்பா" என்றேன். கல்யாணமாகாத பெண் தானாகக் கிண்ணத்தைக் கேட்டு வாங்கி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தலைமைக் கொத்தனார், "குடுங்க அண்ணே, டிவியில பேசறவ, நம்ம வீட்டுலயும் கொஞ்சம் பேசட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எழுந்து நின்றேன். அப்பா சொன்னதை நான் மறுக்கவில்லை. மறுக்கக் கூடாதே. அவர் சொன்னதோடு சேர்த்தேன். "அப்பா சொன்னது உண்மை, வட்டி குறைஞ்சிருக்கு. அதோட நான் ஒண்ணு சேத்துக்கறேன். லாரியும் விழுந்துடுச்சு, யூரோவும் விழுந்துடுச்சு. நூறு டாலர் கட்ட எங்கம்மா இன்னிக்கு முன்ன மாதிரி இல்ல, இன்னும் அதிக நாள் அடுத்தவங்க வீட்டுல வேலை செய்யணும். அந்த நாளெல்லாம் அவங்களுக்குத் திரும்பி வரணும்னு குடிக்கிறேன்" என்றேன். எனக்கே என் குரல் யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

யாரும் கிண்ணத்தை எடுக்கவில்லை. பிறகு ஜுஜூனா அக்கா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். "இத முன்னயே சொல்லியிருந்தா நான் கூடாரமே போட்டிருக்க மாட்டேனேடி" என்றார். திட்டுவதுபோல இல்லை. அவர் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை. அப்பா கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

கொத்தனார்கள் சாப்பிட்டு முடித்துச் சீக்கிரமே கிளம்பினார்கள். நான் வெளிப்படிக்கட்டில் ஏறிப் போனேன். மேலே என்ன இருக்கிறது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் போகும்போது இருந்த அதே தூண்கள். கூரைத் தகரம். தரையில் உலரப் போட்ட சோளக்கதிர். அதோடு புதிதாக ஒன்று: ஒரு ஜன்னல். கண்ணாடி போட்டு, வெள்ளைப் பெயிண்ட் அடித்து, இரண்டு தூண்களுக்கு நடுவில் கம்பியால் கட்டி நிறுத்தியிருக்கிறார். சுற்றிலும் சுவர் கிடையாது. ஜன்னல் மட்டும் நிற்கிறது. அப்பா அதன் முன்னால் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அதன் வழியாகத்தான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டு பக்கமும் திறந்திருந்தும்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு அவராகவே, "உங்கம்மா போகும்போது இங்க நின்னு என்ன சொன்னா தெரியுமா? 'முர்மன், நான் வரும்போது இந்தப் பக்கம் ஒரு ஜன்னல் இருக்கணும், திராட்சைத் தோட்டம் தெரியணும்'னா. சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னா. வெறும் தூண் இருக்கற வீட்டுக்கு யாரு வருவா கண்ணு? அங்க மார்பிள் தரையில நடந்து பழகினவ" என்றார். உங்கள் அறையைக் கட்டி முடித்தால்தான் நீங்கள் வருவீர்கள் என்று நினைக்கிறார், அம்மா. அதைக் கட்டுவதற்கான கடனை நீங்கள் அங்கேயே இருந்துதான் அடைக்க வேண்டும் என்பதை அவர் யோசிக்கவே இல்லை. நான் சொன்னபோது ஜன்னலைப் பார்த்தபடியே தலையாட்டினார். அது சம்மதமா இல்லையா என்று தெரியவில்லை. கடைசியில், "கையெழுத்து அவளோடது. அவகிட்டயே கேளு" என்றார்.

அதனால் கேட்கிறேன்.

பவர் பத்திரத்தை அப்பா முன்னமே எழுதி வாங்கி வைத்திருந்தார். அதுவும் இந்தக் கடிதமும் ஒரே பையில்தான் உங்களிடம் வரும். அதை மறைத்து வைக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வீடு உங்களுடையது, கையும் உங்களுடையது. ஆனால் கையெழுத்துப் போடாதீர்கள், அம்மா. போட்டால் இன்னும் ஏழு வருடம். நீங்கள் ஒருமுறை இங்கே வந்துவிட்டால், அங்கே தங்குவதற்கான அனுமதித் தாள் இல்லாமல் திரும்பிப் போகவும் முடியாது. அதனால் வருகிறேன் வருகிறேன் என்று ஏழு வருடமும் வராமலே இருப்பீர்கள். நான் இறங்கும் கோட்டை மாதாமாதம் வரைந்துகொண்டிருப்பேன். அப்பா அந்த ஜன்னலுக்கு வருடாவருடம் பெயிண்ட் அடிப்பார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கேட்கப் பயமாக இருக்கிறது, அதனால்தான் கடைசியில் வைத்தேன். உங்களுக்கு அங்கேயே இருக்கப் பிடித்திருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் நம் ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து சிரிக்கிறீர்கள் என்று கோச்சா அண்ணன் சொன்னார். அப்படியானால் சொல்லுங்கள். அது வேறு விஷயம், அதற்கு நான் அழ மாட்டேன், அல்லது உங்களுக்குத் தெரியாமல் அழுதுகொள்வேன். ஆனால் சுவருக்காக இருக்காதீர்கள். எனக்காகவும் இருக்காதீர்கள். என் படிப்பு முடிந்துவிட்டது, அம்மா. அதற்கு வாங்கினதை நீங்கள் கிட்டத்தட்டக் கட்டி முடித்துவிட்டீர்கள்.

பழைய கடன் ஜூனில் முடிகிறது. கோச்சா அண்ணனிடம் கேட்டேன். "போறப்பதாம்மா ஆளு நெருக்கியடிக்குது. வர்றப்ப வண்டி காலி, நானும் ரேடியோவும்தான்" என்றார். உங்களுக்காக முன் இருக்கையை வைக்கச் சொல்லியிருக்கிறேன். வாக்குக் கொடுக்கவில்லை, சொல்லி மட்டும் வைத்திருக்கிறேன்.

இன்று காலையில் மேலே போய்ச் சோளத்தை அள்ளிக் கொட்டகையில் போட்டுவிட்டுத் தரையைப் பெருக்கினேன். குளிர் அதிகம்தான். சுவர் இல்லாததால் தோட்டம் நான்கு பக்கமும் தெரிகிறது. முதல் கோடையில் மேலே படுத்துக்கொள்ளலாம், நீங்களும் நானும், வெறும் கம்பளியை விரித்து. மழை வந்தால் கீழே ஓடிவிடலாம்.

ஃபோனை வைக்கும்போதெல்லாம் "சாப்பிடும்மா, தூங்கும்மா" என்று என்னை அம்மா என்றே கூப்பிடுகிறீர்கள். அந்த வார்த்தையை நான் எதிரில் நிற்கிற ஒருவரைப் பார்த்துச் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. கடவுள் உங்கள் கையையும் முழங்காலையும் காக்கட்டும். ஃபிலொமேனா அம்மாளும் நிம்மதியாகத் தூங்கட்டும்.

உங்கள் மகள்,
தேக்லா

பின்குறிப்பு: பையைக் கட்டும்போது அப்பா வந்தார். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. அளவு டேப்பை எடுத்துக்கொண்டு மேலே போய் வந்து, இதையும் எழுது என்றார். ஜன்னல் அகலம் ஒரு மீட்டர் இருபது, உயரம் ஒரு மீட்டர் நாற்பது. பாரியில் நல்ல திரைத்துணி கிடைக்கும் என்று யாரோ சொன்னார்களாம். நிறம் உங்கள் இஷ்டம். "அனுப்பச் சொல்லாதே. கொண்டு வரச் சொல்லு" என்றார்.